கேள்வி பதில்: பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோயும் பரம்பரையும்

(பிள்ளைகள் புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் நர்ஸாக இருந்தவள் நான். கேட்டவர்கள் பெரும்பாலும் களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைக்காரர்கள்.)

சிஸ்டர், என் கணவருக்குக் கைக்குழந்தையிலேயே விழித்திரைப் புற்று. இரண்டு கண்ணிலும் இருந்து, ஒன்றை எடுத்துவிட்டார்கள். எனக்கு இப்போது ஐந்து மாதம். பிள்ளைக்கும் வருமா?

தங்கச்சி, இரண்டு கண்ணிலும் வந்திருந்தால் அது அநேகமாகப் பரம்பரையாகக் கடத்தக்கூடியதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 13வது குரோமோசோமில் ஆர்பி1 என்றொரு மரபணு, ஆளுக்கு இரண்டு பிரதி. இரண்டும் கெட்டால்தான் கட்டி. பிறக்கும்போதே ஒன்று கெட்டிருந்தால் மற்றதும் கெடுவது சுலபம். 48 பிள்ளைகளின் விவரங்களை வைத்து ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1971ல் இதைக் கணித்தார்.

முதலில் கணவரின் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். அவரிடம் எந்த மாற்றம் என்று தெரிந்தால், பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். அந்த மாற்றம் பிள்ளையிடம் இல்லையென்றால், மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பக் கண் பார்க்கும் பாடு வேண்டியதில்லை. இருந்தால் முதல் வாரங்களிலேயே கண் பரிசோதனை தொடங்க வேண்டும். உங்கள் கணவருக்கும் எலும்பில், தசையில் வேறு புற்று வரும் அபாயம் ஆயுசுக்கும் உண்டு. வீக்கம், விடாத வலி என்றால் அசட்டை வேண்டாம்.

இன்னொன்று. ஞானஸ்நான போட்டோவை ஒரு தாய் எனக்குக் காட்டினாள். ஃபிளாஷில் ஒரு கண்மணி சிவப்பு, மற்றது வெள்ளை. 'பூனைக்கண், என்ன அழகு' என்று வீட்டில் எல்லோரும் கொஞ்சியிருக்கிறார்கள். அந்த வெள்ளை இந்தப் புற்றின் அடையாளமாக இருக்கலாம். தெரிந்தால் அந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள்.

பிள்ளைக்கு ரத்தப்புற்று. யார் வழியில் வந்தது என்று மாமியார் கேட்கிறார்.

மாமியாரிடம் இதைக் காட்டுங்கள். 2015ல் அமெரிக்காவில் புற்றுநோய் வந்த 1,120 பிள்ளைகளின் மரபணுவைப் பார்த்தார்கள். பிறவியிலேயே காரணமான மாற்றம் இருந்தது 8.5 சதவீதம் பேருக்குத்தான். உங்கள் மேல் ஒரு பழியும் இல்லை, மக்களே.

(ஒரு தம்பி:) மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கதிர்வீச்சு வருகிறதே, அதை ஏன் பேச மறுக்கிறீர்கள்?
(இன்னொருவர்:) அண்ணே, இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஆராய்ந்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே!
(தம்பி:) கூலிக்கு எழுதின ஆராய்ச்சி!

சண்டை வேண்டாம். அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு வருகிறது, சரி. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009ல் வெளியிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்று கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் 30 முதல் 84 வயதுக்காரர்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேச இரண்டு பேருக்குமே அது உதவாது. கூலி என்று சொல்கிற தம்பி, ஆதாரம் இருந்தால் வையுங்கள்.

முறைப்பெண்ணைக் கட்டியதால் கண்ணில் புற்று வந்ததா?

இல்லை. அது பரம்பரையாக வர ஒரு பெற்றோரிடமிருந்து ஒரு கெட்ட பிரதி போதும்; மற்றது பிறகு கெடுவதுதான். ஃபான்கோனி ரத்தசோகை மாதிரி, இரண்டு பெற்றோரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால் வரும் சில நோய்களில்தான் சொந்தத்துக்குள் கட்டுவது அபாயத்தைக் கூட்டும்.

செலவுக்கு உதவி? ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

கண் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பவா?

வேண்டாம் என்று நான்காவது முறையாகச் சொல்கிறேன். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து, டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள்.