பல் கூச்சத்துக்கு ஃபுளோரைடு பேஸ்ட்: பயம் பேஸ்ட்டிலா, தண்ணீரிலா?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பச்சைத் தண்ணி பட்டாலே பல்லு சுள்ளுன்னு கூசுது. டாக்டர் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. எங்க ஊரு போர்த் தண்ணியிலயே ஃபுளோரைடு இருக்குன்னு சொல்லுதாங்க. இதுல பேஸ்ட் வேறயா? நாலு வயசுப் பையனும் அதே டியூபத்தான் எடுக்கான்."

நீங்கள் தாராளமாகத் தேய்க்கலாம். பையனுக்கு அந்த டியூப் வேண்டாம்.

முதலில் கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிய இடத்தில் நகத்தை வைத்தால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படுகிறதா? பல்லின் மேலோடான எனாமல் தேய்ந்து, ஈறும் இறங்கி, உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். குளிர்ச்சியோ புளிப்போ பட்டால் அவற்றின் வழியாக நரம்பைச் சீண்டும். செங்கல்பொடி, கரி, நறநறவென்றிருக்கும் பல்பொடி, முரட்டு பிரஷ் எல்லாமே இந்தப் பள்ளத்தை ஆழமாக்கும். அவற்றை இன்றோடு நிறுத்துங்கள்.

கூச்சத்துக்கான பேஸ்ட்டுகள் பலவற்றில் 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். அது நரம்பை அமர்த்தும். ஃபுளோரைடு பல்லின் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தும், சொத்தையையும் தடுக்கும். காலையிலும் இரவு படுக்கும் முன்பும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்து முழுக்கக் கழுவிப் போய்விடும். நம் ஆட்களுக்கு இந்தப் பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம்! பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நாலாம் நாளே பேஸ்ட்டை மாற்றாதீர்கள். எலுமிச்சை, புளிப்பு எதுவும் சாப்பிட்டால் அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். நம் நாட்டில் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது ஒரு கிராம் பேஸ்ட்டில் அதிகபட்சம் ஒரு மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். குடிநீருக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அந்த அளவுள்ள தண்ணீரை நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் 4.5 மில்லிகிராம் வயிற்றுக்குள் போகிறது. அதனால் கவலைப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் போர்த் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். அளவு கூடியிருந்தால், குடிக்கவும் சமைக்கவும் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரையோ ஆர்ஓ தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பையன் விஷயம் வேறு. அவனுக்கு முளைக்கப்போகும் நிரந்தரப் பற்கள் இப்போது எலும்புக்குள் உருவாகிக் கொண்டிருக்கின்றன. எட்டு வயது வரை ஃபுளோரைடை அடிக்கடி விழுங்கினால் அந்தப் பற்களில் வெள்ளைத் திட்டு விழும், அதிகமானால் பழுப்பேறும். கூச்சத்துக்கான பேஸ்ட் 12 வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. அவனுக்குச் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை என்றால் அரிசி அளவு. நீங்களே பிதுக்கி வையுங்கள், பக்கத்தில் நின்று துப்ப வையுங்கள். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று தெரியவந்தால் அவனுக்கு எந்த பேஸ்ட் என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். டியூபைக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறதென்று நிறையத் தின்றுவிட்டால் பால் கொடுத்து, டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரே ஒரு பல் மட்டும் கூசினாலோ, குளிர்ச்சி போன பிறகும் வலி நீடித்தாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுப்பினாலோ அது பேஸ்ட்டுக்கு அடங்காது. சொத்தையோ விரிசலோ இருக்கலாம். நாலு வாரம் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலும் பல் பிரிவு இருக்கிறது.