பதினோரு மணி வியர்வைக்குக் காரணம் வாயு அல்ல

கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். "சில நாட்களில் காலை பதினோரு மணி வாக்கில் திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. பயறு உடம்பின் சத்தை உறிஞ்சிவிடுகிறதோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் லெக்டின் (பயறு வகைகளில் உள்ள ஒரு புரதம்), யூரிக் அமிலம், சிறுநீரகம், வாயு என்று கேட்ட எதையும்விட இந்த வரிதான் அவசரம்.

விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வயது 54. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி., இரு வேளை மெட்ஃபார்மின். எடை குறைப்பதற்காக இரண்டு மாதமாகக் காலை உணவை விட்டுவிட்டு ஒரு கப் வேகவைத்த பயறு மட்டும் சாப்பிடுகிறீர்கள். 3 கிலோ குறைந்திருக்கிறது. சாப்பாடு மாறிவிட்டது, எடை மாறிவிட்டது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

பயறு எந்தச் சத்தையும் உறிஞ்சவில்லை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருந்தாலும் அதன் வேலை நிற்காது. பயறில் உள்ள மாவுச்சத்தோ நார்ச்சத்தோடு பின்னிக் கிடப்பதால் மெதுவாகவே செரிக்கிறது. ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. ஆகவே இன்சுலின் வந்துவிடுகிறது, அதற்கு ஈடான சர்க்கரை வந்து சேர்வதில்லை. உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இந்தத் தாழ்சர்க்கரைதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவற்றில் ஏதாவது ஒன்று மருந்துச் சீட்டில் இருந்தால், உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்தது என்ன? படபடப்பை வாயு என்று முடிவுகட்டி, நீங்களே பான்டோபிரசோல் வாங்கி விழுங்கியிருக்கிறீர்கள். அது வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. தாழ்சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, குடலில் சேரும் வாயுவையும் அது குறைக்காது. ஆபத்தான ஓர் அறிகுறி இரண்டு மாதம் கவனிக்கப்படாமல் போனதற்கு அந்தத் தவறான பெயர்தான் காரணம்.

அடுத்த முறை வியர்த்தால் உட்கார்ந்து, கை கழுவித் துடைத்துவிட்டு, குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். பிஸ்கட்டோ சாக்லேட்டோ பயறோ அந்த நேரத்துக்கு உதவாது, அவற்றிலிருந்து சர்க்கரை ஏறத் தாமதமாகும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையைச் சேர்த்து எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். கையில் மீட்டர் இல்லையா, தாழ்சர்க்கரை என்றே எண்ணி முதலில் குளுக்கோஸைக் குடியுங்கள். 54-க்குக் கீழே போனாலோ, பேச்சு குழறினாலோ, குளுக்கோஸ் குடித்தும் ஏறாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை ஒருமுறை ஏறியதும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்று கிளிமிபிரைடு எடுக்கும் முதியவர்களிடம் வற்புறுத்துவோம். மருந்தின் வேலை ஒரு நாள் வரை நீடித்து, சர்க்கரை மறுபடி இறங்கலாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மீட்டரில் அளவு சரியாக இருந்தும் வியர்வை நிற்கவில்லை, நெஞ்சு அழுத்துகிறது அல்லது மூச்சு வாங்குகிறது என்றால் அது வேறு விஷயம். உடனே அவசரப் பிரிவுக்குப் போய் இசிஜி எடுக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால், அட்டினலால் போன்றவை எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரையில் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வெறும் வயிற்றில், பதினோரு மணிக்கு, மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து என்று தினமும் மூன்று அளவுகளைக் குறித்து எடுத்துப் போங்கள். ஒரே ஒரு முறை 70-க்குக் கீழே வந்தாலும், மறுநாள் மாத்திரையைப் போடுமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாகவே பாதியாக உடைப்பது, மெட்ஃபார்மினையும் சேர்த்து நிறுத்துவது இரண்டும் வேண்டாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் மந்தமானால் கிளிமிபிரைடு உடலில் கூடுதல் நேரம் தங்கும்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே போதும். யூரிக் அமிலத்துக்குப் பயந்து பயறை விட வேண்டாம். இறைச்சி, மீன், மது போல அது கௌட் என்ற மூட்டுவலி நோயின் அபாயத்தைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த அளவுப் புரதம் கெடுதலல்ல. லெக்டின் பற்றி இணையம் கிளப்பும் பீதி, சரியாக வெந்த பயறுக்குப் பொருந்தாது. வேகாத ராஜ்மாவுக்கு மட்டும் பொருந்தும்: நாலைந்து கொட்டைகளே வாந்தி, வயிற்றுப்போக்கை வரவழைக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வையுங்கள். 30 நிமிடம் தளதளவென்று கொதித்தால் பயமில்லை. மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரம் இதற்கு ஆகாது. 80 டிகிரியைத் தொடாத சூட்டில் நச்சு அழியாது, கூடவும் செய்யலாம். வெந்த கொட்டையை இரு விரலால் நசுக்கினால் தோலோடு மசிய வேண்டும், நடுவில் மாவு போன்ற வெள்ளை தெரியக் கூடாது.

வயிறு உப்புவதற்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். அவற்றைச் செரிக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லாததால் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்க வைக்கின்றன. முதல் நாளே ஒரு கப்பில் தொடங்கியதுதான் தவறு. கால் கப்பில் தொடங்கி வாரத்துக்குக் கால் கப் கூட்டியிருந்தால் குடல் பழகியிருக்கும். இப்போது அரைக் கப்புக்கு இறங்குங்கள்.

எடை விஷயத்தில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். 21 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கணக்கில், தினமும் 130 கிராம் அளவுக்குப் பயறு சாப்பிட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் கூடுதலாகக் குறைந்தது ஏறக்குறைய 340 கிராம்தான். பயறு பசியை அடக்கும், அதனால் மற்ற சாப்பாடு குறையும். அவ்வளவுதான் அதன் பங்கு. வெந்த பயறு அரைக் கப்பில் சுமார் 110 முதல் 130 கலோரி, 7 கிராம் புரதம், 6 கிராம் நார்ச்சத்து. தாளிக்கும்போது ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி. வழக்கமான சாப்பாட்டைக் குறைக்காமல் அதன்மேல் பயறைச் சேர்ப்பவர்களுக்கு எடை ஏறவும் செய்யும்.

மருந்தளவைத் திருத்தும் வரை தினமும் ஒரே அளவு பயறை, ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள், கூடவே ஒரு பழமோ கொஞ்சம் தானிய உணவோ இருக்கட்டும். ஒரு நாள் பயறு, ஒரு நாள் பழைய சாப்பாடு என்று மாற்றினால் மருத்துவரால் எந்த அளவையும் நிர்ணயிக்க முடியாது. இன்னும் இரண்டு மூன்று கிலோ குறைந்ததும் மறுபடி போய்க் காட்டுங்கள், அப்போதும் மாத்திரையின் அளவைப் பார்த்தாக வேண்டியிருக்கும்.