கோளரங்கத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் முன்

கேள்வி: ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களைத் தற்கால வானியல் ஆராய்ச்சி பற்றிய கோளரங்கக் காட்சிக்கு அழைத்துச் செல்கிறேன். வெறும் வேடிக்கையாக முடிந்துவிடாமல் இருக்க எப்படித் தயார்செய்யலாம்?

பதில்: குவிமாடத்தில் ஓடும் காட்சி பெரும்பாலும் முடிவுகளையே காட்டும், ஆய்வாளர்கள் அவற்றை எவ்வாறு எட்டினார்கள் என்பதை விளக்க அங்கே நேரம் இருப்பதில்லை. அந்தப் பகுதியை நீங்கள் வகுப்பறையிலேயே தொடங்கிவைக்க வேண்டும். எல்லாத் தலைப்புகளையும் தொட முயலாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு, வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்கள்.

1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் சூரியனைப் போன்றதொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, அவர்கள் அக்கோளைப் பார்க்கவில்லை. அதன் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை நிறமாலையில் அளந்தார்கள். பின்னர் ஆயிரக்கணக்கான கோள்கள் வேறொரு வழியில் கிடைத்தன: கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி சற்று மங்குகிறது.

இதைச் செய்தே காட்டலாம். எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள, உருண்டையான வெள்ளைக் குண்டு பல்பை இருட்டறையில் எரியவிட்டு, ஒளியளக்கும் செயலியுள்ள கைப்பேசியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். இரண்டு சென்டிமீட்டர் பந்தை நூலில் கட்டி பல்பையொட்டிக் கடக்கவிட்டால், ஒளி ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள பாசிமணியைக் கடக்கவிட்டால் குறைவு 1 சதவீதமே. அளவு மாறியதா இல்லையா என்று மாணவர்கள் வாதிடத் தொடங்குவார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வியாழன் சூரியனை மறைப்பதும் அந்த 1 சதவீத அளவுதான் என்றும், பூமி மறைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் அப்போது சொல்லுங்கள். அந்த வாதத்துக்குப் பிறகு கேட்கும்போதுதான் எண்களுக்கு எடை வரும்.

காட்சியின்போது ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள்: திரையில் தெரிவது அளவீடா, ஓவியமா? 2019-இல் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையின் படம் ரேடியோ அலைகளிலிருந்து உருவானது. அதன் ஆரஞ்சு நிறம் மனிதர் தேர்ந்தது. கடலும் மேகமுமாகத் தோன்றும் புறக்கோள் படங்களோ ஓவியங்களே. இரண்டையும் பிரித்தறியப் பழகுவது அறிவியல் கல்வியின் முக்கியமான பகுதி என்று உறுதியாக நம்புகிறேன்.

விளக்கவுரையாளர் நேரில் பேசும் காட்சி கிடைத்தால் அதையே முன்பதிவு செய்யுங்கள். இருட்டில் குறிப்பெடுக்க வைக்க வேண்டாம். வெளியே வந்ததும் மூன்று வரி எழுதினால் போதும். மறுநாள், பொதுவில் இலவசமாகக் கிடைக்கும் கெப்ளர் விண்தொலைநோக்கியின் தரவிலிருந்து, ஒரு விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் ஒளி வரைபடத்தைக் கொடுங்கள். ஒளி எத்தனை பங்கு மங்கியது என்ற பின்னத்துக்கு வர்க்கமூலம் கண்டால், விண்மீனின் விட்டத்தில் கோளின் விட்டம் எத்தனை பங்கு என்பதை மாணவர்களே கணக்கிட்டுவிடுவார்கள்.