ஆடித் தள்ளுபடியில் லேசர்: செய்துகொள்ளலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 25. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். தினமும் ஸ்டேஷன் வரை ஸ்கூட்டி, அப்புறம் ரயில். தாடையிலும் கழுத்திலும் கறுப்பாக முடி வளர்கிறது. நாலு வருஷமாக வாரத்துக்கு ஒருமுறை த்ரெடிங் செய்து சமாளிக்கிறேன். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் 'என்னடி தாடி' என்று கிண்டல். தை மாதம் கல்யாணம். வேலூரில் ஒரு பியூட்டி பார்லரில் ஆடித் தள்ளுபடியில் முகம் முழுக்க 8 சிட்டிங் லேசர் என்றார்கள். 'ஜென்மத்துக்கும் முடி வராது' என்கிறார்கள். 3,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அம்மா, கர்ப்பப்பை கெட்டுவிடும், கேன்சர் வரும் என்று பயப்படுகிறார். ஆயா, குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசு போதும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்? எனக்கு மாதவிலக்கு எப்போதும் இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன்.
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: சம்பந்தம் இருக்கலாம்மா. போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதினீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆண்ட்ரோஜென் என்கிற ஆண் ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்கும். அது கூடினாலோ, முடியின் வேர் அதற்கு அதிகமாக அசைந்து கொடுத்தாலோ, கன்னத்திலும் தாடையிலும் இருக்கும் பூனை முடி தடித்துக் கறுக்கிறது. மாதவிலக்கு தள்ளிப் போவதும் தாடையில் முடி முளைப்பதும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது பிசிஓஎஸ் என்கிற சினைப்பைக் கோளாறு. நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்பார்கள். தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்களின் கோளாறாலும் மாதவிலக்கு தள்ளலாம். ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் அலைச்சல் இல்லை. சிஎம்சி இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டு இடத்திலும் தோலுக்கும் பெண்கள் நோய்க்கும் தனித்தனிப் பிரிவு உண்டு.

இதைப் பார்க்காமல் லேசர் மட்டும் செய்தால் என்ன ஆகும்? இருக்கிற வேர்களை லேசர் சுடும். ஹார்மோன் பக்கத்திலுள்ள பூனை முடியைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டு வீடு ஒழுகும்போது ஓடு மாற்றாமல் கீழே குண்டான் வைப்பது மாதிரிதான். எட்டு சிட்டிங் முடிந்ததும் 'இன்னும் நாலு எடுங்கள்' என்பார்கள். ஹார்மோனுக்கு மருந்து எடுத்தாலும் முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதம் போல ஆகும். அதனால் மருந்தும் லேசரும் சேர்ந்து போவதுதான் நல்லது. குரல் கட்டையாவது, நாலைந்து மாதத்தில் மளமளவென்று முடி பெருகுவது, தலையில் ஆண்களைப் போல வழுக்கை விழுவது என்று ஏதாவது இருந்தால் கல்யாண வேலையை விட்டுவிட்டு அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கு நாலு வருஷமாக ஒரே மாதிரி இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

லேசரின் வேலை எளிமையானது. அந்த ஒளி கறுப்பைத் தேடிப் போகும். முடியின் கறுப்பு அதை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் வேர் கெடும். நரைமுடிக்கு லேசர் வேலை செய்யாததற்கும் காரணம் இதுதான். நம் தோலிலும் அதே கறுப்பு இருப்பதுதான் சிக்கல். வெள்ளைக்காரத் தோலுக்கு அளந்து வைத்த சூட்டை மாநிறத்தில் காட்டினால் முடியோடு தோலும் வேகும். அலைநீளம் கூடக் கூட மேல்தோல் ஒளியைக் குறைவாக இழுக்கும், ஒளி ஆழமாகவும் போகும். அதனால் நம் நிறத்துக்குப் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர். 800, 810 டயோட் லேசரையும் பழகிய கை, நல்ல கூலிங்கோடு பயன்படுத்தலாம். 755 அலெக்சாண்ட்ரைட் நமக்கு ஆபத்து அதிகம். பல பார்லர்களில் லேசர் என்று சொல்லி வைத்திருப்பது ஐபிஎல். கிரிக்கெட் இல்லை, பல அலைநீளம் கலந்த பளிச் வெளிச்சம், அது லேசரே கிடையாது. மாநிறத்தில் தீப்புண் வர வாய்ப்பு அதிகம். பார்லரில் மெஷினின் பெயரையும் அலைநீளத்தையும் கேளுங்கள். 'லேட்டஸ்ட் மெஷின் மேடம்' என்று மட்டும் பதில் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

மெஷினைவிட முக்கியம் அதைப் பிடிக்கிற கை. டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். என்ற தோல் மருத்துவப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற பலகை மட்டும் டாக்டர் பட்டம் ஆகாது. டெக்னீஷியன் ஷாட் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சூட்டின் அளவை முடிவு செய்யவும், கொப்புளம் வந்தால் ஓடி வரவும் அந்தக் கூரைக்குக் கீழேயே தோல் டாக்டர் இருக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு பெண் கால் முழுக்கக் கறுப்புப் பட்டைகளோடு என்னிடம் வந்தாள். ஏலகிரியில் இரண்டு நாள் வெயிலில் சுற்றிவிட்டு வந்து மறுநாளே எங்கோ லேசர் செய்துகொண்டிருக்கிறாள். 'வெயிலில் போனீங்களா' என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஹேண்ட்பீஸ் பதிந்த இடமெல்லாம் வரிக்குதிரை போலக் கோடு. அது மங்க ஏழு மாதம் ஆனது. வெயிலில் கறுத்த தோலில் லேசர் கூடவே கூடாது. நீங்களோ தினமும் ஸ்கூட்டியில் போகிறவர். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், மேலே துப்பட்டா, இரண்டும் வேண்டும். நல்லவேளையாக உங்கள் சிட்டிங் ஐப்பசி கார்த்திகை மழையில் வரும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயிலில் வந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

கல்யாணக் கணக்குக்கு வருவோம். த்ரெடிங்கை இன்றே நிறுத்துங்கள். லேசருக்கு வேர் வேண்டும். நூலில் பிடுங்கிவிட்டால் ஒளிக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. முதல் சிட்டிங்குக்கு முன்னால் நாலிலிருந்து ஆறு வாரம் பிடுங்கக் கூடாது, வேக்ஸும் அப்படித்தான். ஷேவ் செய்யலாம். முகம் சுளிக்காதீர்கள். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது கட்டுக்கதை. நுனி மொட்டையாக வெட்டுப்படுவதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஆக ஆவணியில் பரிசோதனைகள், சின்ன இடத்தில் ஒரு டெஸ்ட் ஷாட். புரட்டாசியில் முதல் சிட்டிங். அந்தந்த நேரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் முடிக்குத்தான் லேசர் உறைக்கும், தூங்குகிற வேருக்கு உறைக்காது. அதனால் முகத்துக்கு நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒன்று. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று, மிஞ்சினால் நாலு. முடி குறையும், மெலியும், மொத்தமாகப் போகாது. மிச்சம் கல்யாணத்துக்குப் பிறகு. கர்ப்பமானால் பிரசவம் வரை நிறுத்தி வைப்போம்; அது ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான்.

'ஜென்மத்துக்கும் வராது' என்று யாரும் சொல்லக் கூடாது. மருந்துக்கும் மருத்துவ மெஷினுக்கும் அனுமதி தருகிற அமெரிக்காவின் எஃப்டிஏ கூட இந்த மெஷின்களுக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்ற வார்த்தையைத்தான் அனுமதிக்கிறது. முடியே இல்லாமல் போவதும் முடி குறைவதும் வேறு வேறு. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை டச்-அப் தேவைப்படலாம்.

உங்கள் பேக்கேஜில் எனக்குப் பிடிக்காத வார்த்தை 'முகம் முழுக்க'. கன்னத்துப் பூனை முடியில் லேசர் பட்டால் சிலருக்கு அது போகாமல் தூண்டப்பட்டுத் தடித்து வளரும். நம்மைப் போன்ற மாநிறத்தவர்களிடமும் பிசிஓஎஸ் உள்ளவர்களிடமும், அதுவும் தாடை கழுத்துப் பக்கம், இது கூடுதலாகப் பார்க்கிற விஷயம். தடித்த கறுப்பு முடி இருக்கும் இடத்துக்கு மட்டும் செய்யுங்கள். கன்னத்தைத் தொட விடாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இது எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்லை, வெறும் ஒளி. தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். தாடையில் அடிக்கிற ஒளி கர்ப்பப்பைக்குப் போகாது. இதனால் கேன்சர் வருவதாகவும் ஆதாரம் இல்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத்தான். கண்ணாடி போடாமல் ஒரு ஷாட்கூட வாங்கக் கூடாது. புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் லேசர் வேண்டவே வேண்டாம்.

ஆயாவின் குப்பைமேனி வேரை அழிக்காது. இத்தனை தலைமுறையாகப் பூசியும் முடி வந்துகொண்டுதானே இருக்கிறது. சிட்டிங் நாட்களை ஒட்டி மஞ்சளும் வேண்டாம், தோலில் எந்த நிறமும் ஒட்டியிருக்கக் கூடாது. நலங்குக்கு ஆயா கையால் ஆசைதீரப் பூசிக்கொள்ளுங்கள், அப்போது லேசர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

லேசர் படும்போது சுருக்கென்று இருக்கும். கோழியைத் தீயில் வாட்டுகிற வாசனை வரும், பயப்படாதீர்கள், அது முடி கருகுவது. மரத்துப்போகும் கிரீம் தாடைக்கு டாக்டர் சொன்ன அளவு போதும். அமெரிக்காவில் லேசருக்காகக் கால் முழுக்க அந்தக் கிரீமைப் பூசிச் சுற்றி மூடிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்தே போனார்கள்; 2007இல் எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. பின்னாளில் கை காலுக்குச் செய்ய நினைத்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் வேரைச் சுற்றிச் சிவந்து தடிப்பது ஒரு நாளில் அடங்கும். ஐஸ் பேக் வைக்கலாம். கொப்புளம் வந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே போங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முடி வளர்கிற மாதிரி தெரியும். அது கருகிய முடி வெளியே வருவது, தானாக உதிரும். பருவுக்கு மாத்திரை, வாயோரம் அடிக்கடி கொப்புளம், தழும்பு தடித்து வளரும் தேகவாகு, இவற்றில் எது இருந்தாலும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

'தாடி' கிண்டலுக்கு மருந்து என்னிடம் இல்லை. வேலூரைப் பற்றியே ஒரு பழைய கிண்டல் உண்டே: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், கடைசியில் அழகில்லாத பெண்கள் என்று முடிப்பார்கள். அந்தக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். கிண்டல் செய்கிறவர்கள் இன்னும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த 3,000 ரூபாய்: பில் கையில் இருக்கிறதா? மருத்துவப் பரிசோதனை முடியும்வரை பேக்கேஜ் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பணம் திரும்பாவிட்டாலும், போட்ட பணத்துக்காக அங்கே போய் உட்காராதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது கடைசி நாலைந்து மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். போவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஷேவ்கூடச் செய்யாமல் முடியை விட்டுவையுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்று கண்ணால் பார்த்தால்தான் அளக்க முடியும். ஆம்பூர் ரயிலில் மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. டாக்டர் அறையில் மட்டும் கழற்றினால் போதும்.