அப்பாவுக்கு டிபி. மாத்திரை போட மறுக்கிறார், எரிந்து எரிந்து விழுகிறார். எப்படிச் சமாளிப்பது?

பென்னாகரம் பக்கம் கிராமம், மருந்து தொடங்கி இரண்டு மாதம், தட்டும் டம்ளரும் தனி, படுக்கை திண்ணையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபத்தில் பாதி அந்தத் தட்டுதான். டிபி பாத்திரத்தில் ஒட்டாது. இருமினால் காற்றில் பரவும். தட்டை மற்றதோடு சேர்த்தே கழுவுங்கள். திண்ணை காற்றோட்டமான இடம், அதில் தப்பில்லை. ஆனால் துரத்திவிட்ட மாதிரி இருக்கக் கூடாது: ராத்திரி களியும் குழம்பும் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை என்றால், ஒழுங்காகப் போட்ட இரண்டு மூன்று வாரத்திலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டாம் மாதம்தான் கண்டம். இருமல் நின்றிருக்கும், எடை ஏறியிருக்கும், "நல்லாத்தானே இருக்கேன்" என்பார். சாதாரண டிபிக்கு மொத்தம் ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. நடுவில் விட்டால் மிச்சக் கிருமி மருந்துக்கு மசியாததாகத் திரும்பலாம். மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோவரை தினம் மூன்று. எடை கூடினால் அளவும் மாறலாம், கேளுங்கள்.

சிறுநீர் சிவப்பாகப் போவதை ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் சாயம், அவ்வளவுதான். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், கல்லீரல் தாங்காது.

தூக்கமின்மை, சந்தேகம், சம்பந்தமில்லாத பேச்சு என்றால் வெறும் முன்கோபம் என்று விட்டுவிடாதீர்கள். ஐசோனியாசிட் என்ற டிபி மருந்தாலும் அரிதாக மனக்குழப்பம் வரும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குத் தரும் சைக்ளோசெரினில் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

சமைக்கிறவர், மாத்திரை தருகிறவர், திட்டு வாங்குகிறவர் எல்லாம் ஒரே மருமகளாக இருந்தால் மூன்றாம் மாதம் அவர் படுத்துவிடுவார். மாத்திரையை வேறு ஆள் கொடுக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் கேளுங்கள்.

தங்கை கல்யாணத்துக்காக மறைப்பதாகச் சொல்கிறீர்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், மாத்திரை வாங்கித் தரக்கூடிய ஒரு சொந்தக்காரரிடமாவது சொல்லுங்கள். டிபி நோயாளியின் சத்துணவுக்காக அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் நிக்‌ஷய் உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு விவரத்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். அப்பா பெங்களூருக்கு மேஸ்திரி வேலைக்குப் போவதானால், கிளம்பும் முன்பே அதே சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள்; மாத்திரை அந்த ஊரிலேயே கிடைக்கும்.