கேள்வி பதில்: காதால் படம் பார்ப்பவர்களுக்கு

அண்மையில் பார்த்த படங்கள், வரப்போகும் படங்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் வேலை ஒலிக்கலவை. வசனம், இசை, காலடிச் சத்தம், மழை எல்லாவற்றையும் சேர்த்து, எந்த இடத்தில் எது எவ்வளவு கேட்கவேண்டும் என்று முடிவு செய்கிற கடைசிக் கட்டம் அது. ஒலி பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்வேன். கதை, நடிப்பு பற்றி ரசிகனாக ஒரு வரி சொல்வேன். வசூல் பேச்சுக்கு என்னிடம் பதில் கிடையாது.

இரவுக்காட்சி: வீட்டில் ‘டெனெட்’ பார்த்தேன். வெடித்தால் சுவர் அதிர்கிறது, பேசினால் முணுமுணுப்பாக இருக்கிறது. ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியவில்லை. கோளாறு படத்திலா, என் டிவியிலா?

இரண்டிலும் பங்கு இருக்கிறது. முதலில் படம். அதன் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தளத்தில் நடிகர் பேசியதை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புகிறவர். பிறகு ஸ்டுடியோவில் திரும்பப் பேசவைத்து ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது. சில இடங்களில் வசனத்தையும் ஒரு ஒலியாகவே நடத்துவார், ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும் என்று நினைக்கமாட்டார். ‘இன்டர்ஸ்டெல்லார்’ வந்த 2014-லேயே இதைப் பற்றிப் பேட்டி கொடுத்திருக்கிறார். பிடிக்கிறதோ இல்லையோ, அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

இப்போது உங்கள் டிவி. படத்தின் ஒலி பெரும்பாலும் 5.1 என்ற அமைப்பில் வரும். 5.1 என்றால் முன்னால் இடது, நடு, வலது, பக்கவாட்டில் இரண்டு, அடி அதிர்வுக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் இருக்கும். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். அதனால் நடுவில் இருப்பதை 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் பங்கிட்டுப் போடுகிறது. தனி இடத்திலிருந்து வந்த குரல் இப்போது இசையோடும் வெடியோடும் ஒரே ஸ்பீக்கரில் மல்லுக்கட்டுகிறது. இதைவிட மோசமான நிலையும் உண்டு: டிவியோடு இணைத்த செட்டாப் பெட்டி 5.1 அனுப்ப, வாங்கிக்கொள்ளும் கருவி இடதையும் வலதையும் மட்டும் எடுத்துக்கொண்டால், வசனம் ஏறக்குறைய காணாமலே போய்விடும்.

அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். தனி ஸ்பீக்கர் வைக்காதவர்கள், படம் ஓடும்போது ஆடியோ பட்டியலில் ஸ்டீரியோ, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கான தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் ஒலி அமைப்பையும் ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்றுங்கள். நைட் மோட் இருந்தால் இரவில் போடுங்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தை மேலே கொண்டுவரும். ‘சினிமா சரவுண்ட்’ மாதிரிப் பெயரில் டிவி தானாகச் சேர்க்கும் எதிரொலி வேலைகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எந்தப் படத்தின் ஒலியையும் குறை சொல்லாதீர்கள்.

கடைசி வரிசை: தியேட்டரில் ஒலிக்கு நல்ல இருக்கை எது? நான் எப்போதும் கடைசி வரிசைதான்.

திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், அகலத்தில் நடு. நாங்கள் கலவை செய்யும் அரங்கிலும் ஏறக்குறைய அங்கேதான் உட்கார்கிறோம். கடைசி வரிசையில் பின் ஸ்பீக்கர் உங்கள் தலைக்கு மிக அருகில் வந்துவிடும். பின்சுவரில் பட்டுத் தேங்கும் அடி அதிர்வும் கூடுதலாகக் கேட்கும். இன்னொன்று: ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். திரையில் ஒரு பிரேம், அதாவது ஒரு தனிப்படம், நிற்பது ஒரு நொடியில் 24-ல் ஒரு பங்குதான். கணக்குப் போட்டால் திரையிலிருந்து 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு வசனம் ஒரு பிரேம் தாமதமாகவே வந்து சேரும். பெரிய அரங்கின் கடைசியில் இரண்டு பிரேம் வரை போகலாம். மூளை பெரும்பாலும் அதைச் சரிசெய்துகொள்ளும், ஆனாலும் கூர்மை கொஞ்சம் போகும்.

முதல் நாள்: ஒரே படம். முதல் நாள் ஒரு தியேட்டரில் காது கிழிந்தது. அடுத்த வாரம் வேறு தியேட்டரில் சப்பென்று இருந்தது. ஏன் சார்?

நல்ல கேள்வி, எனக்கு ஆதங்கம் உள்ள கேள்வியும்கூட. கலவை அரங்குக்கும் தியேட்டருக்கும் பொதுவான அளவு ஒன்று உண்டு. தியேட்டரில் ஒலியை இயக்கும் டால்பி கருவியில் ஒலியளவுக் குமிழ் 7-ல் இருக்கும்போது, சோதனை ஒலியை விட்டால் முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் இருக்கையில் 85 டெசிபல் காட்டவேண்டும். நாங்கள் 7-ஐ நம்பிக் கலக்குகிறோம். தியேட்டரிலும் 7-ல் ஓட்டினால் நாங்கள் கேட்டதே உங்களுக்கும் கேட்கும்.

நடப்பது வேறு. ஏதோ ஒரு படம் அளவுக்கு மீறி இரைச்சலாக வரும், யாரோ புகார் சொல்வார்கள், ஆபரேட்டர் 5.5-க்கு இறக்குவார். இறக்கியது அப்படியே நின்றுவிடும். அந்தப் பகுதியில் ஒரு எண் இறங்கினால் 3.3 டெசிபல் போச்சு, ஆக ஒன்றரை இறங்கினால் 5 டெசிபல். அடுத்து வருகிற நிதானமான படத்தில் கிசுகிசுப்பு எதுவும் கேட்காது. அதைப் பார்த்த தயாரிப்பாளர் அடுத்த படத்துக்கு எங்களிடம் வந்து ‘எல்லாவற்றையும் ஏற்று’ என்பார். ஏற்றினால் தியேட்டர் இன்னும் இறக்கும். இந்தச் சுழலில் அடிபடுவது மௌனம்தான். மௌனம் இருந்தால்தான் சத்தத்துக்கு அர்த்தம். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே உயரத்தில் அலறும் படத்தில் எந்த அடியும் அடியாகப் படாது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வசனமே கேட்கவில்லை என்றால் எழுந்துபோய் ஊழியரிடம் சொல்லுங்கள். அதிகம் என்று சொல்ல ஆள் இருக்கிறது, குறைவு என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

புது டிவி: நேற்று ஒரு போர்ப்படம் பார்த்தேன். குண்டுச் சத்தம் மட்டும் பெரிதாக, பேச்சு கேட்கவே இல்லை. ஏன்?

மேலே முதல் கேள்வி. ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

கணக்கன்: தீபாவளிக்கு வரும் இரண்டு பெரிய படங்களில் எது அதிகம் வசூலிக்கும்?

எனக்கு வேலையில்லாத இடம். விநியோகம் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

நிழல்: ஒலிக்காகவே பார்க்கவேண்டிய படம் ஒன்றிரண்டு சொல்லுங்கள். பெரிய வெடிகுண்டுப் படம் வேண்டாம்.

ஜொனாதன் கிளேசரின் ‘தி ஸோன் ஆஃப் இன்டரெஸ்ட்’, 2023. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் சுவரை ஒட்டி வீடும் தோட்டமுமாக வாழும் கமாண்டன்டின் குடும்பம். உள்ளே நடக்கும் கொடுமையைப் படம் காட்டுவதில்லை. சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது: உலையின் இரைச்சல், துப்பாக்கி, அலறல். இவர்கள் பூச்செடி பார்க்கிறார்கள். கண் ஒரு படம் பார்க்கிறது, காது வேறொரு படம் பார்க்கிறது. சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

தமிழில் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’, 2019. திரையில் தெரிவது பார்த்திபன் ஒருவர் மட்டும். மற்ற எல்லாரும் குரலாகத்தான் வருகிறார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு கிட்ட வருகிறார்கள் என்பதை ஒலிதான் சொல்லியாகவேண்டும். ரசூல் பூக்குட்டிக்கு ஒலிக்கலவைக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு காட்சியைக் கேட்டுப்பாருங்கள். அறையின் அளவு உங்களுக்குத் தெரியும்.

வழவழப்பு: புது டிவியில் எந்தப் படம் பார்த்தாலும் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது.

ஒலி சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். டிவி இடையில் இல்லாத பிரேம்களைத் தானே செய்து நுழைக்கிறது. மோஷன் ஸ்மூத்திங் மாதிரிப் பெயரில் இருக்கும், அணையுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டால் போதும்.

அசல் குரல்: கொரியப் படங்கள் தமிழில் டப் ஆகி வரிசையாக வருகின்றன. எல்லாமே குப்பை. சப்டைட்டிலோடு பார்ப்பதுதான் மரியாதை. நீங்கள் ஒலிக்காரர், நீங்களே சொல்லுங்கள்.

எல்லாமே குப்பை இல்லை. டப்பிங்கில் என்ன கெட்டுப்போகிறது என்று தெரிந்துகொண்டு திட்டுங்கள். வேற்றுமொழிக்காரருக்குப் படத்தைத் தரும்போது வசனத்தை நீக்கிவிட்டு இசையும் மற்ற ஒலிகளும் மட்டும் உள்ள தடம் ஒன்று கொடுப்பார்கள். எம் அண்ட் ஈ என்போம். தளத்திலேயே ஒலிப்பதிவான படமாக இருந்தால், வசனத்தை உருவும்போது அதோடு ஒட்டியிருந்த துணிச் சரசரப்பு, நாற்காலி இழுபடுவது, மூச்சு, அந்த அறைக்கே உரிய இரைச்சல் எல்லாம் கூடவே போய்விடும். ஃபோலி கலைஞர்கள் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி செய்யவேண்டும். அது அரைகுறையாக நடந்தால், பாத்திரங்கள் எந்த இடத்திலும் இல்லாமல் அந்தரத்தில் பேசுவதுபோல் இருக்கும். குரல் ஒட்டவில்லை என்று நீங்கள் சொல்வதில் பாதி, குரல் கொடுத்தவரின் குற்றமே கிடையாது. அறை காணாமல் போயிருக்கிறது.

சப்டைட்டிலிலும் இழப்பு உண்டு. நெட்பிளிக்ஸ் விதிப்படி ஆங்கிலத்தில் வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி, 7 நொடிக்கு மேல் நிற்காது. இருவர் மாறிமாறிச் சண்டை போடும் காட்சியில் சுருக்கித்தான் எழுதமுடியும். அதோடு கண் திரையின் அடியிலேயே கிடக்கும்.

அசல் குரல்: குரல் நடிப்பில் பாதி. வேறொருவர் பேசினால் அது வேறு படம்.

அப்படியானால் ‘96’ பிடித்ததா? ஜானுவாக வந்த த்ரிஷாவுக்குப் பேசியது சின்மயி. ‘காந்தி’யின் தெலுங்குப் பதிப்பில் பென் கிங்ஸ்லிக்குக் குரல் எஸ்.பி.பி. முகம் ஒருவர், குரல் ஒருவர் என்பதை நாம் காலங்காலமாக ஏற்றுக்கொண்டுதான் ரசிக்கிறோம்.

அசல் குரல்: சின்மயியைத் தேர்ந்தது அந்தப் படத்தின் இயக்குநர். கொரியப் படத்துக்குத் தமிழில் யார் பேசுவது என்று அந்த இயக்குநருக்குத் தெரியவே தெரியாது. அதுதான் வித்தியாசம்.

சரியான வாதம், ஒத்துக்கொள்கிறேன். படத்தை முழுதாக அறிந்த ஒருவர் டப்பிங்கின்போது பக்கத்தில் இருக்கவேண்டும். பல இடங்களில் இருப்பதில்லை. குரல் கலைஞர் தன் வசனத்தை மட்டும் துண்டுதுண்டாகப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறார், எதிரில் இருப்பவர் எப்படிப் பேசினார் என்றே கேட்காமல்.

பேரன்: அண்ணா, என் பாட்டிக்குக் கண் மங்கல். சப்டைட்டில் படிக்க வராது. டப்பிங் இல்லாவிட்டால் அவருக்கு இந்தப் படங்களே இல்லை. மரியாதை பற்றிப் பேசுகிறவர்கள் இதை யோசித்தார்களா?

இங்கே நான் முழுக்க உங்கள் பக்கம். கண் தெரியாதவர், வேகமாகப் படிக்க முடியாதவர், சின்னக் குழந்தை, எல்லாரும் ரசிகர்கள்தான். அதனால்தான் டப்பிங்கை ஒழிக்கச் சொல்லாமல் ஒழுங்காகச் செய்யச் சொல்கிறேன். நல்ல டப்பிங் எழுத்தாளரின் வேலையைக் கவனித்திருக்கிறீர்களா? திரையில் உதடு மூடும் இடத்தில் ப, ம வரும்படி சொல்லைத் தேடுவார். வாய் அகலத் திறந்திருக்கும் இடத்தில் ‘ஆ’ ஒலி வரும்படி வைப்பார். பொருளும் கெடக்கூடாது, தமிழும் தமிழாக இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பைவிடக் கடினமான எழுத்து அது. அவர் பெயர் பெரும்பாலும் எங்கேயும் வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பழைய ரீல்: 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ படத்திலேயே நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். ஜனம் பார்க்கவில்லையா? மொழிக்கு இவ்வளவு சண்டை எதற்கு?

பார்த்தார்கள், கொண்டாடினார்கள். ஆனால் அன்று திரை பேசியதே அதிசயம். இன்றைய ரசிகனுக்கு அந்தச் சலுகையை நாம் கேட்கமுடியாது.

டப்பிங் பற்றி இன்னும் வந்து குவிகிறது. எல்லாவற்றையும் போட இடமில்லை. என் நிலை இதுதான்: படிக்க முடிந்தவர் முதல்முறை அசல் ஒலியில் பாருங்கள். முடியாதவர் டப்பிங்கில் தயங்காமல் பாருங்கள், சரியில்லை என்றால் குரலைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் குறை சொல்லுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.

பயணி: போனில், இயர்போனில் அட்மாஸ் என்று காட்டுகிறது. உண்மையா?

அட்மாஸ் என்பது ஒவ்வொரு ஒலியையும் தனித் திசையில் வைக்கும் டால்பியின் முறை. தியேட்டர் அட்மாஸில் 64 ஸ்பீக்கர் வரை தனித்தனியாக இயங்கும், தலைக்கு மேலும் இருக்கும். இயர்போனில் இருப்பது, அந்தத் திசைகளைக் காதுக்கு ஏற்றபடி கணக்கிட்டுச் செய்யும் ஒரு தோற்றம். சில படங்களில் நன்றாக இருக்கும், சிலவற்றில் குரல் குகையில் ஒலிக்கும். அப்படி ஒலித்தால் அணைத்துவிடுங்கள்.

சத்தமில்லை: சார், டிவியில் பாட்டு மட்டும் சத்தமாக, வசனம் கம்மியாக...

முதல் பதிலைப் படியுங்கள். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். ஸ்டீரியோ.

காத்திருப்பு: வரப்போகும் படங்களில் நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

நோலனின் ‘தி ஒடிசி’. முழுப் படமும் ஐமாக்ஸ் பிலிம் கேமராவில். அந்தக் கேமராவில் 65 மில்லிமீட்டர் பிலிம் கிடையாக ஓடும், ஒரு பிரேமுக்கு ஓரத்தில் 15 துளை. அவ்வளவு பெரிய பிலிமை நொடிக்கு 24 முறை இழுத்து நிறுத்துவதால் கேமரா பயங்கரமாக இரையும். அந்த இரைச்சலுக்கு நடுவே மைக்கில் சுத்தமான பேச்சைப் பிடிப்பது பெரும்பாடு. அதனால்தான் இதுவரை நெருக்கமான பேச்சுக் காட்சிகளைப் பெரும்பாலும் வேறு கேமராவில் எடுத்தார்கள். இந்த முறை அந்த வசதி இல்லை. இரைச்சலைக் குறைக்க ஏற்பாடு செய்துகொண்டுதான் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார்கள். தளத்துப் பேச்சை விட்டுக்கொடுக்காத இயக்குநர், இரைச்சலுக்குப் பேர்போன கேமரா. இருவர் மெல்லப் பேசும் காட்சியில் யார் யாருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறது. நடு இருக்கை கிடைக்கிற காட்சியாகப் பார்த்துப் போவேன்.