வேரியன்ஸ் கேட்டு சோனிங் போர்டுக்கு போறீங்களா? நியூஜெர்சி வீட்டுக்காரங்க கேள்விக்கு பதில்

வணக்கம் மக்களே. நான் சிவில் எஞ்சினியர், சென்ட்ரல் ஜெர்சில ஒரு சின்ன ஆபீஸ்ல சைட் பிளான் போடுறதுதான் வேலை, அதனால மாசத்துல ரெண்டு ராத்திரியாவது ஏதோ ஒரு டவுன் ஹால்ல கைய தூக்கி சத்தியம் பண்ணி சாட்சி சொல்லிட்டு இருப்பேன். வக்கீல் கிடையாது. சொல்றதெல்லாம் நியூஜெர்சிக்கு மட்டும்தான், பென்சில்வேனியா நியூயார்க் பக்கம் இருக்கவங்க உங்க ஊர் சட்டத்த பாத்துக்கோங்க. ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: அக்கா, டெக் (மரத்தளம்) போட பெர்மிட் கேட்டா பின்பக்கம் 30 அடி விடணும், உங்களுக்கு 24தான் வருது, போர்டுக்கு போங்கன்னுட்டாங்க. என் சொந்த இடத்துல என்ன போர்டு?

உங்க டவுன் ஆர்டினன்ஸ்ல (எங்க எவ்வளவு கட்டலாம்னு சொல்ற ஊர் சட்டம்) இருக்க அளவுல இருந்து உங்க ஒரு லாட்டுக்கு (மனைக்கு) மட்டும் விலக்கு குடுங்கன்னு கேக்கறதுதான் வேரியன்ஸ். இங்க இதுக்கு முனிசிபல் லேண்ட் யூஸ் லான்னு 1975ல போட்ட மாநில சட்டம் இருக்கு, எல்லா டவுனும் அதுக்கு கட்டுப்பட்டதுதான். இத கேட்டு முடிவு பண்றது டவுனோட சோனிங் போர்டு. அதுல 7 மெம்பர், கூட 4 பேர் வரைக்கும் ஆல்டர்னேட் (மாத்து மெம்பர்) இருக்கலாம். எல்லாரும் உங்கள மாதிரி ஊர்ல குடியிருக்கவங்க, பகல்ல வேற வேலை பாத்துட்டு ராத்திரி வந்து ஒக்காந்திருப்பாங்க.

வேரியன்ஸ் ரெண்டு வகை. செட்பேக் (எல்லைல இருந்து விட வேண்டிய இடம்), லாட் கவரேஜ் (மனைல எவ்வளவு மூடலாம்ங்கற அளவு), வேலி உயரம் இந்த மாதிரி அளவு விஷயம் எல்லாம் "சி". இதுக்கு ஓட்டு போடறவங்கள்ல பாதிக்கு மேல போதும். அந்த சோன்ல (டவுன் பிரிச்சு வெச்சிருக்க பகுதில) அனுமதியே இல்லாத உபயோகம், எஃப்ஏஆர் (மனை அளவுக்கு எத்தன சதுர அடி கட்டலாம்ங்கற விகிதம்) தாண்டறது, அனுமதிச்ச உயரத்துக்கு மேல 10 அடியோ 10 சதவீதமோ தாண்டறது எல்லாம் "டி". இதுக்கு 5 ஓட்டு கண்டிப்பா வேணும், நாலுக்கு மூணுன்னு ஜெயிச்சாலும் தோத்த மாதிரிதான். உங்க டெக் சி, பயப்படாதீங்க.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, மாடி ஏற முடியல. கீழ ஒரு பெட்ரூமும் பாத்ரூமும் சேத்து கட்டணும், சைடுல 3 அடி இடிக்குது. டாக்டர் லெட்டர் வெச்சிருக்கேன், போர்டு எரக்கம் காட்டும்ல?

எனக்கு வந்ததுல பாதி கேள்வி இதே மாதிரிதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். போர்டு கேக்கற கஷ்டம் உங்க கஷ்டம் இல்லீங்க, உங்க நிலத்தோட கஷ்டம். சட்டத்துல ஹார்ட்ஷிப்னு இருக்கறத பாத்துட்டு நம்மாளுங்க அப்பா உடம்பு, கொழந்த படிப்பு, வீட்ல ஆறு பேருக்கு ஒரே பாத்ரூம்னு கண்ணு கலங்க சொல்லுவாங்க, மெம்பருங்களும் பாவம்னு தலைய ஆட்டுவாங்க, கடைசில போர்டு வக்கீல் மைக்க புடிச்சு இது எதுவும் கணக்குல வராதுன்னு சொல்லிடுவார். ஏன்னா வேரியன்ஸ் ஆளுக்கு கிடைக்கறது இல்ல, நிலத்துக்கு கிடைக்குது. நாளைக்கு நீங்க வித்துட்டு டெக்சாஸ் போயிட்டாலும் அந்த 3 அடி அங்கயே நிக்கும், வாங்கறவருக்கு முட்டி நல்லாத்தான் இருக்கும்.

அப்ப என்ன சொல்லணும்? லாட் குறுகலா இருக்கு, ஆழம் கம்மி, வடிவம் கோணலா இருக்கு, சரிவா இருக்கு, இல்ல சட்டப்படி கட்டின பழைய வீடு ஒரு ஓரத்துல நிக்கறதால வேற பக்கம் நீட்ட வழியில்ல, இப்படி சொல்லணும். இது "சி 1". அதுவும் இல்லன்னா "சி 2", அதாவது இந்த விலக்கால ஊருக்கு வர்ற நல்லது கெட்டதவிட அதிகம்னு காட்டணும், எனக்கு நல்லதுன்னு சொன்னா எடுபடாது. ரெண்டுலயும் நெகட்டிவ் கிரைடீரியான்னு ஒரு பரிட்சை கூடவே வரும். பக்கத்துல இருக்கவங்களுக்கும் பொதுவாவும் பெரிய கெடுதல் இல்ல, டவுனோட சோனிங் பிளான கெடுக்கலன்னு நிரூபிக்கணும். முக்காவாசி பேர் இத மறந்துட்டு வந்து நிப்பாங்க.

ஹார்ட்ஷிப்னா வீட்டயே உபயோகிக்க முடியாத அளவு கஷ்டம் இருக்கணுமோன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்ல. 1999ல லாங் எதிர் நார்த் கால்டுவெல்னு ஒரு கேஸ், குறுகலான லாட்ல நீச்சல் குளம் போடறதுக்கு போர்டு குடுத்த வேரியன்ஸ நியூஜெர்சி சுப்ரீம் கோர்ட் சரின்னு சொல்லுச்சு. நீச்சல் குளம் இல்லாம யாரும் செத்துடலையே, லாட் குறுகல்ங்கறது அங்க எடுபட்டுது.

அப்பா விஷயத்துல ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், ஊனம் இருக்கவங்களுக்காக ஃபேர் ஹவுசிங் சட்டத்துல தனியா ஒரு வழி இருக்கு, அத வக்கீல்ட்ட கேட்டுட்டு பண்றது நல்லது. டாக்டர் லெட்டர் அங்கதான் உதவும்.

கேள்வி: வாஸ்துப்படி கிழக்கு பக்கம்தான் வாசல் வைக்கணும், அதனால முன்பக்கம் 4 அடி வெளிய வருது. சொல்லலாமா?

சொல்லாதீங்க.

கேள்வி: பேஸ்மென்ட்ல இன்னொரு கிச்சன் போடணும், மாமியார் தனியா சமைக்கணும்ங்கறாங்க. இதுக்குமா வேரியன்ஸ்?

டவுன பொறுத்தது, ஆனா சாதாரணமா நெனைக்காதீங்க. தனி வாசல், தனி பாத்ரூம், கேஸ் அடுப்போட கிச்சன் மூணும் சேந்துட்டா சோனிங் ஆபீசர் கண்ணுக்கு அது ரெண்டாவது குடித்தனம். ஒரு குடும்ப சோன்ல ரெண்டு குடும்ப வீடுன்னா அது டி வேரியன்ஸ், 5 ஓட்டு, பிளானர் (சோனிங் நிபுணர்) சாட்சி, செலவு எங்கயோ போயிடும். சில டவுன்ல வாடகைக்கு விட மாட்டேன்னு டீட்ல (வீட்டு பத்திரத்துல) எழுதி பதிவு பண்ணா ஒத்துக்குவாங்க. மொதல்ல ஆபீசர்ட்ட எங்க வீட்ல ஒரே குடும்பம்தான், உள்ள இருந்தே போயிட்டு வர்ற மாதிரிதான் கட்டறோம்னு பிளான காட்டி பேசுங்க. வெளி வாசல எடுத்துட்டு, அடுப்பு இல்லாம சிங்க்கும் மேடையும் மட்டும் வெச்சு போர்டு பக்கமே போகாம முடிச்சவங்கள எனக்கு தெரியும். மாமியாருக்கு தோசை சுட மேல வரணும்ங்கறதுதான் குறை.

கேள்வி: 200 அடி நோட்டீஸ்னு சொல்றாங்களே, பக்கத்து வீட்ல வாயால சொன்னா போதாதா?

போதாது. உங்க லாட்ட சுத்தி எல்லா பக்கமும் 200 அடிக்குள்ள இருக்க ஓனர் அத்தன பேருக்கும் ஹியரிங்குக்கு (போர்டு உங்க கேஸ கேக்கற கூட்டம்) 10 நாள் முன்னாடியாவது நேர்ல குடுக்கணும் இல்ல சர்டிஃபைட் மெயில்ல அனுப்பணும், சட்டப்படி விளம்பரமும் வரணும். லிஸ்ட்ட நீங்களா கூகுள் மேப் பாத்து எழுதாதீங்க, டவுன்ல காசு கட்டி சர்டிஃபைட் லிஸ்ட் கேளுங்க, 7 நாள்ல குடுக்கணும். அந்த லிஸ்ட்ட நம்பி அனுப்பி அதுல ஒரு பேர் விட்டுப்போயிருந்தாகூட உங்க நோட்டீஸ் செல்லும். 200 அடி பக்கத்து டவுனுக்குள்ள போச்சுன்னா அந்த டவுன் கிளார்க்குக்கும் அங்க இருக்க ஓனருக்கும் அனுப்பணும், வீடு கவுன்டி ரோட்ட ஒட்டி இருந்தா கவுன்டி பிளானிங் போர்டுக்கும் அனுப்பணும்.

எங்க கிளையன்ட் ஒருத்தர் எல்லாத்தயும் சரியா பண்ணிட்டு கவுன்டிய மட்டும் விட்டுட்டார். ராத்திரி 7:30க்கு நான், ஆர்க்கிடெக்ட், வக்கீல்னு மூணு பேரும் மணிக்கணக்கு மீட்டர் ஓட ஒக்காந்திருக்கோம், போர்டு வக்கீல் ரெண்டு நிமிஷம் பேப்பர பெரட்டிட்டு நோட்டீஸ் குறை, கேக்கறதுக்கே எங்களுக்கு அதிகாரம் இல்லன்னு அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டார். மறுபடி நோட்டீஸ், மறுபடி விளம்பரம், மூணு பேருக்கும் மறுபடி ஃபீஸ்.

கேள்வி: நான் எதிர் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் மூணு மாடி ஏத்தறார், தெருவுல 40 பேர்ட்ட கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன்.

அந்த பேப்பர வீட்லயே வெச்சுட்டு அந்த 40 பேர்ல நாலு பேர கூட்டிட்டு வாங்க. கையெழுத்த குறுக்கு விசாரணை பண்ண முடியாது, அதனால போர்டு அத கணக்குல எடுக்காது. ஹியரிங்ல பொதுமக்களுக்கு ரெண்டு தடவ வாய்ப்பு வரும். ஒவ்வொரு சாட்சி பேசி முடிச்சதும் கேள்வி மட்டும் கேக்கலாம், கடைசில சத்தியம் பண்ணிட்டு கருத்து சொல்லலாம். நம்மாளுங்க கேள்வி நேரத்துல எழுந்து நான் இந்த ஊர்ல 20 வருஷமா இருக்கேன்னு ஆரம்பிப்பாங்க, சேர்மன் கேள்வி என்னன்னு வெட்டுவார், கோவிச்சுட்டு ஒக்காந்துருவாங்க, அப்புறம் கருத்து சொல்ற நேரத்துல ஆளே இருக்க மாட்டாங்க.

பேசும்போதும் வீட்டு வெல கொறையும்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. மழைத்தண்ணி எந்தப் பக்கம் வழிஞ்சு உங்க பேஸ்மென்ட்டுக்கு வருது, ஜன்னல் எங்க பாக்குதுன்னு ஃபோட்டோவோட காட்டுங்க. அவர் குடுத்த பிளான், ஹியரிங்குக்கு 10 நாள் முன்னாடியே ஆபீஸ்ல பாக்கறதுக்கு இருக்கும், போய் பாத்துட்டு வாங்க. போர்டு மெம்பர் யாராவது தெரிஞ்சவரா இருந்தா தனியா ஃபோன் போட்டு பேசிடாதீங்க, அவர் அந்த கேஸ்ல இருந்தே ஒதுங்க வேண்டியதாயிடும்.

கேள்வி: ஹியரிங்குக்கு போர்டு மெம்பர் 5 பேர்தான் வந்திருக்காங்கன்னா?

சி கேஸ்னா நடத்துங்க. டி கேஸ்னா அஞ்சு பேரும் சரின்னு சொல்லணும், ஒருத்தர் முறைச்சாலே போச்சு, அதனால தள்ளி வைக்க சொல்லி கேளுங்க. இல்லன்னா சாட்சிய முடிச்சுட்டு ஓட்டு மட்டும் அடுத்த மாசம்னு கேக்கலாம், வராதவங்க ரெக்கார்டிங்க கேட்டுட்டு, கேட்டேன்னு எழுத்துல சர்டிஃபை பண்ணா அவங்களும் ஓட்டு போடலாம்.

கேள்வி: பெர்மிட் இல்லாம பேட்டியோ (கல் பாவின முற்றம்) போட்டுட்டேன், லாட் கவரேஜ் தாண்டிருச்சு. இப்ப கேட்டா மாட்டிக்குவேனா?

ஏற்கனவே மாட்டித்தான் இருக்கீங்க, விக்கும்போது வெளிய வரும். போர்டு இத இன்னும் கட்டாத மாதிரிதான் பாக்கணும், அதனால 15 ஆயிரம் டாலர் செலவு பண்ணிட்டேன்ங்கறது உங்களுக்கு சாதகமும் இல்ல பாதகமும் இல்ல. நீங்களே இழுத்துக்கிட்ட கஷ்டம் ஹார்ட்ஷிப் ஆகாது. தண்ணி எறங்க டிரைவெல் (மண்ணுக்குள்ள தண்ணி எறங்கற குழி) போடறேன், ஓரத்துல 3 அடி எடுத்துடறேன்னு கையில ஏதாவது வெச்சுக்கிட்டு போங்க.

கேள்வி: வக்கீல் கண்டிப்பா வேணுமா?

வீடு உங்க பேர்ல இருந்தா, டெக் வேலி மாதிரி சின்ன சி கேஸ்னா, நீங்களே பேசலாம், நெறைய பேர் பேசறாங்க. எல்எல்சி பேர்ல வாங்கி இருந்தா வக்கீல் இல்லாம வாயே தெறக்க முடியாது. டி கேஸ்னா வக்கீலும் பிளானரும் ரெண்டு பேருமே வேணும், இதுல மிச்சம் புடிக்காதீங்க. அப்ளிகேஷன் ஃபீஸ் தவிர எஸ்க்ரோன்னு ஒண்ணு கட்ட சொல்லுவாங்க, போர்டோட எஞ்சினியரும் பிளானரும் உங்க பிளான பாக்கற செலவு அதுல இருந்து போகும், தீந்தா மறுபடி கட்டணும்.

கேள்வி: சின்ன லாட் வாங்கி வீடு கட்டப் போறேன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு லெட்டர் போடுங்கன்னு சொல்றாங்க. எதுக்கு?

அளவு பத்தாத லாட்ல ஹார்ட்ஷிப் கேட்டா, பக்கத்து நிலத்துல கொஞ்சம் வெலைக்கு கேட்டீங்களா, இல்ல உங்க லாட்ட நியாயமான வெலைக்கு அவங்களுக்கு குடுக்கறேன்னு சொன்னீங்களான்னு போர்டு கேக்கும். கேட்டதுக்கு ஆதாரம்தான் அந்த லெட்டர். பதில் வரலன்னாலும் காப்பி பத்திரம்.

கேள்வி: வீட்ல பரதநாட்டியம் கிளாஸ் எடுக்கறேன், பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டார். கோயிலுக்கு கூட ஒரு வீடு பாத்துட்டு இருக்கோம்.

ரெண்டும் ரெண்டு கத. கிளாஸ் ஹோம் ஆக்குபேஷன்ல (வீட்ல இருந்தே பண்ற தொழில்) வருமான்னு ஆர்டினன்ஸ பாருங்க, எத்தன பேர் வரலாம், வாசல்ல பேர் பலகை மாட்டலாமான்னு டவுனுக்கு டவுன் மாறும். சத்தத்தவிட பார்க்கிங்தான் சண்டைய கெளப்பும், பத்து கார் ஒரே நேரத்துல வராம நேரத்த பிரிச்சு வைங்க.

கோயில் விஷயத்துல சட்டம் உங்களுக்கு கொஞ்சம் சாதகம். வழிபாட்டு இடம், ஸ்கூல், ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள இங்க இயல்பாவே ஊருக்கு நல்லதுன்னு எடுத்துக்குவாங்க, அதனால ஏன் வேணும்னு தனியா நிரூபிக்க வேண்டாம். ஆனா 1992ல வந்த சிகாங்கற கோர்ட் தீர்ப்புபடி, என்ன கெடுதல் வரும், நிபந்தனை போட்டு கொறைக்க முடியுமா, மிச்ச கெடுதல் நல்லதவிட பெருசான்னு எடை போடுவாங்க. அங்கயும் பார்க்கிங்தான். சாதாரண வெள்ளிக்கிழமைக்கு வர்ற கூட்டத்த சொல்லிட்டு நவராத்திரிக்கு எத்தன கார்னு கேட்டா முழிக்கக்கூடாது. ட்ராஃபிக் எஞ்சினியர கூட்டிட்டு போங்க, சாட்டலைட் பார்க்கிங் (வேற இடத்துல கார் நிறுத்தறது) ஒப்பந்தம் எழுத்துல இருக்கட்டும்.

கேள்வி: போர்டு சரின்னுட்டாங்க! நாளைக்கே காண்ட்ராக்டர வர சொல்லலாமா?

வாழ்த்துகள், ஆனா பொறுங்க. ஓட்டு போட்டதுக்கு அப்புறம் 45 நாளுக்குள்ள ரெசல்யூஷன (போர்டு முடிவோட தீர்மானத்த) எழுத்துல பாஸ் பண்ணணும், அதுக்கப்புறம் முடிவ வெளியிடணும், வெளியிட்ட நாள்ல இருந்து 45 நாள் யார் வேணா சுப்பீரியர் கோர்ட்டுக்கு போகலாம். அதுக்குள்ள கட்டினா உங்க ரிஸ்க். பக்கத்து வீட்டுக்காரர் வக்கீலோட வந்து சண்ட போட்டிருந்தா நான் காத்திருப்பேன், யாருமே வரலன்னா பெர்மிட் வந்ததும் ஆரம்பிச்சுடுவேன். தோத்தவங்களுக்கும் அதே 45 நாள், ஆனா கோர்ட் புதுசா சாட்சி கேக்காது, போர்டு முன்னாடி பேசின ரெக்கார்ட மட்டும்தான் பாக்கும், அதனால அங்க சொல்லாம விட்டது விட்டதுதான். கோர்ட்டுக்கு பதிலா பிளான நல்லா மாத்தி திரும்ப போர்டுக்கே போறதுதான் பல நேரம் சீப்.

கேள்வி: அக்கா கடைசியா, ஹியரிங்குக்கு எத்தன மணிக்கு போகணும்?

7 மணின்னா 6:45க்கு இருங்க, சாப்ட்டு போங்க. அஜெண்டால கடைசில இருந்தீங்கன்னா இன்னும் ஜாக்கிரத, நெறைய போர்டுல ஒரு நேரத்துக்கு மேல புது கேஸ் எடுக்க மாட்டாங்க, உங்களுக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க் கேஸ் இருந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரி உங்க டெக் கத வராது.